மே மாதத்தில் எங்கே உட்காருவது?

மே மாதம் பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. மாவட்டத்துக்கு விருதுநகர் என்று பெயர் இருந்தாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வாய்தாவுக்கு அலைகிற கூட்டம் குறையும். நகல் எடுக்கும் கடைக்காரர்கள் சாவகாசமாகப் பேப்பர் படிப்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் விடுமுறை போகவில்லை. நான் அதைக் குறை சொல்லவில்லை. வருஷம் முழுக்க அடுத்தவர் சண்டையைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறவருக்கு ஓய்வு வேண்டியதுதான். ஆனால், ‘அந்த ஒரு மாதத்தை உருப்படியாகக் கழித்ததற்குச் சான்றிதழ் எங்கே?’ என்று எந்த நீதிபதியையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்கிறார்கள்.

மதுரையில் விடுதியில் தங்கி இளங்கலைப் பொருளாதாரம் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இராஜபாளையம் வந்து இறங்கினால், தெருமுனையிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். “லீவா தாயி? எத்தன மாசம்? அதுவரைக்கும் என்ன செய்யப் போற?” மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் அந்தக் கவலை. எதிர்வீட்டு அத்தைக்கும் அந்தக் கவலை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இறுதித் தேர்வுக்கு மறுநாளே வந்து விழுந்த சுற்றறிக்கைக்கும் அதே கவலைதான். இந்தப் பெண் இரண்டு மாதத்தை வீணாக்கிவிடக் கூடாது.

வீணாக்குவதென்றாலும் அதற்கு முதலில் ஓர் இடம் வேண்டுமே. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். ஃபுல் நைட் வாரத்தில், காலை எட்டு மணிக்கு மேல் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து சேர்வார். குளித்து, சாப்பிட்டு, படுத்தாரென்றால் சாயங்காலம் நாலு மணி வரை வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழக் கூடாது. இருப்பது ஓர் அறை, ஒரு பட்டாசாலை, ஓர் அடுப்படி. பட்டாசாலையில் பாதியை அம்மாவின் துணிக்கட்டு பிடித்திருக்கும். சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறியில் நெய்து, வெளுத்து வருகிற பேண்டேஜ் துணி. வெட்டியதை மடித்து, எண்ணிக் கட்டித் தருவது அம்மாவின் வேலை. ஃபேன் போட்டால் துணி பறக்கும் என்பதால், வியர்வையைத் துடைத்துத் துடைத்துத்தான் மடிக்க வேண்டும்; துணியில் வியர்வை படவும் கூடாது. மேலே மொட்டை மாடி இருக்கிறது. கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் அங்கே காலை வைக்க முடியாது. அஞ்சு மணிக்குப் பிறகு மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும்போதுதான் அது மனிதர் இருக்கிற இடமாக மாறும்.

ஆக, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டுக்குள் ஒரு புத்தகத்தையோ ஒரு யோசனையையோ வைத்துக்கொண்டு உட்கார இடம் கிடையாது. நின்றால் அடுப்படி. உட்கார்ந்தால் துணிக்கட்டு.

இதில் என் வீடு ஒன்றும் விதிவிலக்கில்லை. 2024-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்கிறது. அந்த வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். செமஸ்டர் நடக்கிற மாதங்களில் விடுதிப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சோறு மெஸ்ஸில் வரும். தட்டைக் கழுவி வைத்தால் முடிந்தது. விடுமுறை வந்ததும் அவள் அந்த 289 நிமிடத்துக்குள் திரும்பி வந்து நிற்கிறாள். என் பெரியப்பா மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறான். அவனும் இதே மாதம் இதே தெருவுக்குத்தான் வருகிறான். “புள்ள பாவம், மெஸ் சாப்பாட்டுல எளைச்சுட்டான்” என்று அவனை உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். நானும் இளைத்துத்தான் வந்திருந்தேன்.

அம்மா அப்பாவை நோக அடிக்க இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்த ஆள் ஒருவருக்கு நீண்ட விடுமுறை என்று ஒன்று வாய்ப்பது இதுதான் முதல் தடவை. அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு விடுப்பு உண்டு. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-ன்படி, ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு சேர்ந்தது. 1958-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு மேல் தேசிய விடுமுறை நான்கும் பண்டிகை விடுமுறை ஐந்தும் கொடுக்கிறது. இந்த விடுப்பையெல்லாம் அவர் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று சில்லறையாக மாற்றிவிடுவார். அம்மாவுக்கு அந்தச் சட்டமும் இல்லை. மடித்த துணிக்குத்தான் கூலி. அப்பத்தா காலத்தில் காட்டு வேலை இல்லாத மாதம் என்றால் கஞ்சிக்கு என்ன வழி என்று தேடுகிற மாதம். இப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி இரண்டு மாதம் வேலைக்கும் போகாமல், நோயும் இல்லாமல், கல்யாணமும் ஆகாமல் இருக்கிறாள் என்றால், அவளை எங்கே வைப்பது, என்ன சொல்லி அழைப்பது என்று யாருக்குமே தெரியவில்லை.

வருஷா வருஷம் எங்கள் தெருவில் இப்படி வந்து இறங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உயர்கல்விக்கான அகில இந்திய ஆய்வு 2021–22 கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. கல்லூரிக்குப் போகிற வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். இந்த எண்ணை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் இந்தப் பாதிப் பேரும் மே மாதம் ஊர் திரும்பும்போது ஊரில் அவர்களுக்கென்று என்ன இருக்கிறது என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. கல்லூரிகளைக் கட்டிய வேகத்தில், கல்லூரி மூடியிருக்கும் மாதங்களை மறந்துவிட்டோம்.

மறக்காமல் நினைவு வைத்திருப்பது கல்லூரி மட்டும்தான், அதுவும் வேறு விதமாக. கோடையில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் தர வேண்டும். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி, ஓராண்டோ ஈராண்டோ படித்துவிட்டு வெளியேறுகிறவர் கோடைப் பருவத்தில் 4 கிரெடிட்டுக்குத் தொழில்சார் பயிற்சி முடித்திருந்தால்தான் சான்றிதழோ டிப்ளமாவோ பெற முடியும். முழுதாகப் படிக்கிறவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் உண்டு. நோக்கம் நல்லதுதான். பொருளாதாரம் படிக்கிற மாணவிக்கு இராஜபாளையத்தில் யார் இன்டர்ன்ஷிப் கொடுப்பார்கள்? ஆடிட்டர் அலுவலகங்களில் பி.காம். பிள்ளைகள் முன்பே இடம் பிடித்திருப்பார்கள். சென்னைக்குப் போகலாம் என்றால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஆகும்? 2024 அக்டோபரில் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. வயது 21 முதல் 24 வரை. முழுநேரப் படிப்பில் இருக்கக் கூடாது என்றது. அதாவது, கல்லூரி எங்களைக் கட்டாயம் இன்டர்ன்ஷிப் செய்யச் சொல்கிறது. அரசின் இன்டர்ன்ஷிப் திட்டம் கல்லூரியில் படிக்காதவர்கள் மட்டும் வரலாம் என்றது. 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஐ.டி.ஐ. முடித்து மில்லுக்குள் போகிற பையனுக்கு உதவித்தொகையை உறுதி செய்கிறது. அந்தப் பாதுகாப்பும் எங்களுக்குக் கிடையாது.

இந்த இடைவெளியில் ஒரு சந்தை முளைத்திருக்கிறது. என்னோடு படிக்கிற தோழி ஒருத்தி இணையவழியில் ஓர் இன்டர்ன்ஷிப் பிடித்தாள். அவளுக்குச் சம்பளம் இல்லை. அவள்தான் அவர்களுக்குப் பணம் கட்டினாள். சில வீடியோக்களைப் பார்த்து, கேள்விகளுக்கு டிக் அடித்து முடித்ததும் பொன்னிற விளிம்பு போட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. கல்லூரியும் அதை வாங்கி வைத்துக்கொண்டது. கொடுத்தவருக்கும், வாங்கியவருக்கும், ஃபைலில் கோத்தவருக்கும் அது என்னவென்று தெரியும். பொருளாதாரம் படிக்கிறவளாக ஒன்று சொல்ல வேண்டும்: வேலை செய்கிறவரே வேலை கொடுப்பவருக்குக் கூலி தரும் சந்தையை எங்கள் பாடப்புத்தகம் இன்னும் விளக்கவில்லை.

அதே மாதத்தில் அம்மாவோடு உட்கார்ந்து துணி மடித்தேன். அதில் தெரிந்துகொண்டது நிறைய. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும், நூல் விலை ஏறினால் தறிக்காரர் ஓட்டத்தைக் குறைப்பார், தறி குறைந்தால் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வரும் கட்டு சிறுத்துவிடும். இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியான அம்மாவுக்கு, விலை இறங்கும்போது ஒன்றும் வந்து சேர்வதில்லை. ஏறும்போது மட்டும் முதலில் வந்து இடிக்கும். சத்திரப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து போகிற காஸ் துணியும் பேண்டேஜும்தான் பல மாநில ஆஸ்பத்திரிகளில் காயத்தைக் கட்டுகின்றன. அதை மடித்த கையில் சுரணை போய்விட்டால் வேலைக்கு விடுப்புதான் உண்டு, கூலி இல்லை. கணக்கெடுக்க வந்தவர் “நீங்க என்னம்மா வேலை?” என்று கேட்டபோது, மடித்த துணிக்கட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டே அம்மா, “வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல, வீட்லதான் இருக்கேன்” என்றாள். அவரும் அப்படியே குறித்துக்கொண்டு போனார். பெண் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் பற்றி மூன்றாம் செமஸ்டரில் ஒரு அலகு முழுக்கப் படித்திருக்கிறேன். அது எப்படிக் குறைகிறது என்று எங்கள் பட்டாசாலையில் வைத்துப் பார்த்தேன்.

இதைக் கேட்டதும் நல்லெண்ணம் கொண்ட பேராசிரியர் ஒருவர், “இதையே இன்டர்ன்ஷிப்பாக எழுதிக் கொடேன், கிரெடிட் கொடுக்கலாமே” என்பார். வேண்டாம். கிரெடிட் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு படிவம் வரும், மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும், வருகைப் பதிவு வேண்டும், முத்திரை வேண்டும். அம்மா முத்திரைக்கு எங்கே போவாள்? அவளோடு உட்கார்ந்திருந்த மத்தியானங்களில் நான் எதையும் கற்றுக்கொள்ளத் திட்டமிடவில்லை. கை மடித்துக்கொண்டிருக்கும்போது மனசு தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. அம்மாவும் பேசினாள். அவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் எடுத்த மார்க் எவ்வளவு என்பதை இருபது வருஷத்தில் முதன்முறையாகச் சொன்னாள். என் மார்க்கைவிட அதிகம்.

பையன்களுக்கு இந்த இடப் பிரச்சினை இல்லையா என்றால், உண்டு. ஆனால் அவர்களுக்கு ஊர் இருக்கிறது. பெரியப்பா மகனின் நாள் காலை எட்டரைக்கு டீக்கடையில் தொடங்கும். பிறகு கிரவுண்டு. வெயில் ஏறினால் எந்தப் பாலத்துச் சுவரிலும், எந்த வேப்ப மரத்தடியிலும் உட்கார்ந்துகொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் முடங்கியாறு சாலையில் வண்டியை விட்டு, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டி அய்யனார் கோவில் அருவிக்குப் போவார்கள். மேயில் தண்ணீர் நூலாகத்தான் விழும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்து மலையில் மழை விழுந்தால் வேகமெடுக்கும். அங்கே இருக்கிற நீர் காத்த அய்யனார் நகரத்துக்கே குடிதண்ணீரைக் காத்துக் கொடுக்கிற சாமி. மாம்பழப் பருவம் என்பதால் சில இரவுகள் அவனும் அவன் சிநேகிதர்களும் மலையடிவாரத் தோப்பில் காவலுக்குப் போவார்கள். குத்தகைக்கு எடுத்தவர் கூலி தருவார். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பழுத்து வாசம் எழும்பினால் யானை இறங்கிவிடும். இரவெல்லாம் தகரத்தைத் தட்டிவிட்டுக் காலையில் ஒரு பை பழத்தோடு வருவான். அந்தக் கதைகளை நான் பழம் தின்றுகொண்டே கேட்பேன்.

நாங்கள் இருக்கும் ஊரின் மேற்கு எல்லை முழுக்கக் காடு. 1988-ல் அரசு அதைச் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கியது. செண்பகத்தோப்பில் அந்த அணில் மரத்துக்கு மரம் தாவுவதைப் பார்க்க உலகத்தின் எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறார்கள். அது எங்கள் தெருப் பெண்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்று யோசித்தேன். விடுதியில் என் ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் கேட்பது நாயைத்தான். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே போட்ட நாய், கேட்பார்கள்தான். “உங்க வீட்ல ராஜபாளையம் நாய் இருக்கா?” நாய் இருந்தால், அதை நடக்கக் கூட்டிப்போகிற சாக்கிலாவது வெளியே போயிருக்கலாம்.

சாக்கு இல்லாமல் ஒரு பெண் போய் உட்காரக்கூடிய இடம் இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில். பஸ்ஸில் அரை மணிக்கும் குறைவான தூரம். 192 அடி ராஜகோபுரத்துக்கு உள்ளே நுழைந்து, தரிசனம் முடித்து, பிராகாரத்துக் கல் தரையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வீட்டிலும் மறுப்பில்லை. நல்ல கணவன் கிடைக்க வேண்டும் என்று போகிறாள் என நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும். பெருமாளைத் தவிர இன்னொருவரைக் கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவளிடம் போய், மாப்பிள்ளை பார்த்துக் கொடு என்று வேண்டுவது எனக்கு எப்போதுமே விசித்திரமாகத்தான் இருக்கும். அவள் பெயரில்தான் அந்த ஊரில் கடைகள், லாட்ஜுகள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் விளம்பரப் பலகைகள். தந்தை சொன்னதை மட்டும் கேட்டு வீட்டுக்குள் இருந்திருந்தால் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் கோவிலும் மத்தியானம் நடை சாத்திவிடும். எனக்கு இடம் தேவைப்படுகிற அதே நேரத்தில்.

மதுரையில் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பையை வைத்துவிட்டு உள்ளே போனால் குளிர்ந்த காற்று, விசாலமான மேசை, தாழ்ப்பாள் சரியாக விழுகிற கழிப்பறை. நாள் முழுக்க இருக்கலாம். ஒரு நாவலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் படிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கேட்பாரில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால், நேரத்தைச் செலவழிக்கவும் நூலகத்தில்தான் இடம் கிடைத்தது என்று அவரிடம் சொல்லலாம்.

மாநிலம் முழுக்க நகராட்சிகளில் நூலகத்தோடு கூடிய அறிவுசார் மையங்கள் கட்டியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கூடவே வருவது போட்டித் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, காவலர் தேர்வு. மாதிரி வினாத்தாள் படிக்கிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை சிறுகதை படிக்கிறவளுக்குக் கிடைக்காது. இளைஞர் ஒருவர் பரீட்சைக்குப் படிக்கிறார் என்றால்தான் அவருக்கு நாற்காலி போடலாம் என்று ஒரு சமூகம் முடிவு செய்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்த ஊரிலேயே வேறு மாதிரி யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பூ.ச.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், பிறகு ஒரிசாவின் ஆளுநர். தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். இசைக்கும் பேச்சுக்கும் கூடுகைக்கும் ஊர் நடுவே ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஆட்சிக் காலம் வேறொரு வகையிலும் முக்கியம். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் சென்னை அரசு தோற்றது அப்போதுதான். தமிழ்நாட்டில் எழுந்த போராட்டத்தின் அழுத்தத்தில் 1951-ல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குக் கல்வியில் இடம் ஒதுக்க அதில் வழி பிறந்தது. கல்லூரிக்குள் இடம் வேண்டும் என்பதற்கு அவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கிறது. நான் கேட்பது அதன் பக்கத்தில் மிகச் சிறிய இடம்.

இராஜபாளையத்துக்காரர் இன்னொருவர், மு.கு.ஜகந்நாத ராஜா. பல மொழிகளைத் தம் முயற்சியிலேயே கற்றவர், சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றவர். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’வைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஹம்பியில் அரியணையில் இருந்த அரசன் ஒருவன் காப்பியம் எழுதத் தேர்ந்தெடுத்த களம், எங்களுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் கதையைச் சொல்லும் அந்தக் காப்பியம், கோடையையும் மழைக்காலத்தையும் விரிவாக வர்ணிப்பதற்குப் பெயர் போனது. நான் அதை மதுரையில் படித்தது அந்த வர்ணனைகளுக்காகத்தான். போர்க்களத்துக்கும் தலைநகருக்கும் நடுவே அரசனுக்கு வெயிலை உற்றுப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது. நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதே வட்டாரத்தில் ஒருவருக்கு அதை மொழிபெயர்க்க நேரம் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் யாருக்கும் கிரெடிட் கணக்கு காட்டவில்லை. அரசனுக்கு நேரம் இருப்பதில் ஆச்சரியமில்லை. மில் தொழிலாளியின் மகளுக்கும் அது கிடைக்குமா என்பதே என் கேள்வி.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு நியாயம் சொன்னார். “நான் நின்ன நிலையில நூலு பாத்துட்டு வாரேன். நீ உக்காந்து யோசிக்கிறதுக்கு எடம் கேக்குற. நல்லா இருக்கு தாயி.” கிண்டல்தான், ஆனால் உள்ளே கொஞ்சம் வலியும் இருந்தது. அவர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. உழைப்பவர் வீட்டில் ஒருவர் சும்மா இருப்பது மற்றவர் உழைப்பின் மேல்தான். ஜவுளிக் கடையில் கோடை விற்பனைக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டு மாதம் போனால் அடுத்த ஆண்டு விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதி வரும் என்று அம்மாவும் சாடையாகச் சொன்னாள். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் சிலர் போகிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே துணி எடுத்துப் போடுகிற வேலை. அவர்களுக்கு நான் எழுதுவது ஆடம்பரமாகத் தெரியலாம். அவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வருகிறது. அந்த ஒரு நாளில் அவர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “எங்க போக? துணி தொவைக்கிறதுக்கே பொழுது போயிரும்” என்றாள் ஒருத்தி. இடம் அவளுக்கும்தான் இல்லை.

பிறகு அப்பா பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். வீட்டு வரி ரசீது. அதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருந்தது. “இதென்னத்துக்குப் பிடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது, நீ படிச்சவதான, சொல்லு” என்றார். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலகத்துக்குள் ஒருபோதும் கால் வைக்காத மனிதர் வருஷந்தவறாமல் அதைக் கட்டிக்கொண்டு வருகிறார். அது தெரிந்ததும் அவர் கிண்டலை நிறுத்திவிட்டார். “அப்ப கேளு” என்றார்.

கேட்கிறேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நகராட்சிப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. உள்ளே வகுப்பறை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை இருக்கிறது. இரண்டு மூன்று வார்டுகளுக்கு ஒரு பள்ளியில் நான்கு அறைகளைத் திறந்து வைக்கலாம், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை. கிளை நூலகத்திலிருந்து வாரம் ஒரு கட்டுப் புத்தகம் மாற்றி மாற்றி வரட்டும். பொறுப்புக்கு ஒரு பெண். பேண்டேஜ் மடிக்கிறவர்களில் ஒருவரையே மாதச் சம்பளத்தில் வைக்கலாம். ஒரு தண்ணீர் கேன். வாசலில் எரிகிற விளக்கு. வருகிறவர்களிடம் எந்தத் தேர்வுக்குப் படிக்கிறாய் என்று கேட்கும் பதிவேடு வேண்டாம். ஜவுளிக் கடைப் பெண் தன் ஓய்வு நாளில் வந்து மேசையில் தலை வைத்துத் தூங்கினாலும் எழுப்ப வேண்டாம். எங்கள் வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். தெருவில் கையெழுத்து வாங்குகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறாள், துணிக்கட்டு கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம்.